பத்து நிமிடம்

முதுகை அளக்கையில் நாடா நின்றது.
தையல்கார கமலவேணி
கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி
"மூடியே தைச்சிடவா?" என்றாள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
ஏன் என்று அவளும் சொல்லவில்லை.
பீடோங் கடைவரிசையில் மூன்றாவது கடை.
காற்றாடி தலைக்குமேல் சுற்றியும் வியர்த்தது.

வீட்டில் இரண்டு கண்ணாடி பிடித்துப் பார்த்தேன்.
கழுத்தடியில் தொடங்கித் தோள்பட்டை வரை
மாவு சிந்திய பாய் மாதிரி
வெளுப்பு வெளுப்பாய்.

பக்கத்து வீட்டுப் பார்க்கியம்
குரலைத் தாழ்த்தி வெண்குஷ்டம் என்றாள்.
ஆலையில் ரோஸ்னா
பானாவ்தான், லெங்குவாஸ் வெட்டித் தேய் என்றாள்.
தேய்த்த இடம் எரிந்ததுதான் மிச்சம்.
மாமியார் தேங்காயெண்ணெய் என்றார்.
இரண்டு வாரம் தடவினேன்.
அது கொழுத்தது.

அரசாங்கக் கிளினிக்கில் என் எண் எண்பத்தேழு.
மருத்துவர் சின்னப் பெண்,
விளக்கை அணைத்து ஊதா வெளிச்சம் காட்டினாள்.
மங்கலாய்ப் பொன் பூத்ததாம் என் முதுகு.
நான் பார்க்கவில்லை,
அது எனக்குப் பின்னால் அல்லவா இருந்தது.

"இது தேமல். குஷ்டம் இல்லை.
எல்லார் தோலிலும் குடியிருக்கிற பூஞ்சைதான்,
வெக்கையும் வியர்வையும் கூடினால்
கூடுதலாக அறை கேட்கும்.
ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது.
அழுக்கும் காரணம் இல்லை.
எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு."

சிரித்துவிட்டேன்.
செம்பனை ஆலை எடைமேடையில்
பதினோரு வருடமாக லோரிகளை எழுதுகிறவள் நான்.
பள்ளிக் கட்டணம், மோட்டார் தவணை, கோவில் வரி,
இந்த ஊரில் யார் சாப்பாடு எண்ணெய் இல்லை?
என் முதுகில் குடியேறியவனும்
நம்மாள்தான்.

தேமல்.
ஐந்தாம் படிவத்தில் இலக்கியம் எடுத்தேன்.
பழைய பாட்டுகளில் தேமல் என்றால்
பெண்ணின் மேனிக்கு அழகு என்று
ஆசிரியை சொல்ல, எழுதிக்கொண்டேன்.
தேர்வில் வரவில்லை.

ஷாம்பு கொடுத்தார்கள், தலைக்கு அல்ல.
கழுத்திலிருந்து இடுப்பு வரை பூசிப்
பத்து நிமிடம் விட்டுக் கழுவவேண்டும். ஐந்து நாள்.
கை எட்டாத இடத்தில்தான் அது அதிகம்.
நவநீதன் பூசினான்,
லோரிக் கதவு துடைக்கிற அதே அவசரத்தோடு.
அப்புறம் இருவருக்கும் வேலை இல்லை.
குளியலறை வாசலில் முக்காலி போட்டு
முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.
கல்யாணமாகி ஒன்பது வருடத்தில்
அவன் என் பின்னால்
அவ்வளவு நேரம் சும்மா நின்றதில்லை.

மூன்றாம் நாள் தன் சட்டையைக் கழற்றி
"எனக்கும் இருக்கு பாரேன்" என்றான்.
நெஞ்சில், முதுகில், என்னைவிட அதிகம்.
பங்குனி உத்திரத்தில் வெற்று மார்போடு
ஊர் முழுக்கக் காவடி ஆடியவன்.
ஒருத்தரும் அவனை
மூடித் தைக்கச் சொன்னதில்லை.

ஐந்து நாள் முடிந்தது. வெளுப்பு அப்படியே.
கோபத்தோடு திரும்பிப் போனேன்.
மருந்து கொடுக்கும் ஹஸ்லினா
நகத்தால் மெல்லச் சுரண்டி
செதில் உதிரவில்லை பாருங்கள் என்றாள்.
பூஞ்சை போய்விட்டது,
நிறத்துக்குத்தான் இன்னும் சேதி போகவில்லை.
மாதங்கள் ஆகும்.
மழைக்கு முந்திய புழுக்கத்தில் மறுபடி வரும்,
வந்தால் பதறவேண்டாம்.
மாதம் ஒரு முறை பூசுங்கள்,
நனைந்த சட்டையோடு உட்காராதீர்கள்,
எண்ணெயை விட்டுவிடுங்கள்.

எண்ணெயை விடுவதாம், பீடோங்கில்!

தங்கச்சி கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது.
நிறம் அதற்குள் வராது.
கமலவேணியிடம் போய்
பின்கழுத்து ஆழம் எட்டரை அங்குலம் என்றேன்.
ஒரு கணம் பார்த்தாள்.
பிறகு மெரூன் பட்டை மேசையில் விரித்துச்
சாக்கட்டியால் கோடு இழுத்தாள்.
வெளுப்பாய் விழுந்தது.
ஊதிவிட்டு,
கத்தரிக்கோலைத் தேடினாள்.